கிராஃபிக் டிசைன் பல்கலைக்கழகத்தில் படிக்கக்கூடிய படிப்பா?

சென்ற மாதம் எங்கள் மக்தப் மாணவர் சேர்க்கைக்கு ஒரு சிறிய ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டியிருந்தது. பௌர்ணமிக்கு இரண்டே நாள். திருவண்ணாமலை டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் அன்னதான பேனர்கள் வரிசையில் நின்றன. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் உள்ள ஒரு சின்னக் கடையில் மாலைக்குள் தருவதாகச் சொன்னார்கள். போய் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன் நம் ஜமாஅத்துப் பையன்தான். இந்த ஆண்டு காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்தவன். அவனுடைய தந்தை அதே ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை அவன் கோரல் ட்ராவில் ஒட்டினான். தமிழ் சரியாக வந்தது. மேலே இருந்த பிஸ்மில்லாஹ் வரவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக உடைந்து, இடமிருந்து வலமாக நின்றன. கடையில் இருந்தது பழைய சாஃப்ட்வேர். அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதலில் வரும்போது ஒரு வடிவம், நடுவில் வரும்போது ஒரு வடிவம், கடைசியில் வரும்போது இன்னொரு வடிவம் எடுக்கும் என்பது அதற்குத் தெரியாது. நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகையிலும் கடை போர்டிலும் இப்படி உடைந்த அரபியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடித்தவருக்கும் தெரியாது, அடிக்கச் சொன்னவரும் கவனிப்பதில்லை.

இவன் கவனித்தான். “ஹஜ்ரத், இது தப்பா இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுங்க” என்றான். ஒரு தாளில் பென்சிலால் எழுதினான். அழித்தான், மறுபடி எழுதினான். செல்போனில் அதைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் மேலேயே கோடு வரைந்து சேர்த்துவிட்டான். சீனின் பற்கள் மூன்றும் ஒரே உயரத்தில் வரும்வரை அவன் விடவில்லை. எழுத்தின் நீளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் இடம் விட்டான். நான் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்டிருந்தேன். “ராத்திரி ரோட்டு லைட்ல படிக்க முடியாது” என்று சொல்லிக் கரும்பச்சைக்கு மாற்றினான்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தந்தை பள்ளிவாசலுக்கு வந்தார். “ஹஜ்ரத், பி.சி.ஏ. சேர்க்கலாம்னு அட்வான்ஸ் கட்டப் போறேன். இவன் டிசைன்தான் படிப்பேன்னு நிக்கிறான். அதுக்கெல்லாம் காலேஜ் இருக்கா? ஒரு இடத்துல ஆறு மாச கோர்ஸுக்கு எண்பத்தஞ்சாயிரம் கேக்குறாங்க” என்றார்.

நான் ஆலிம் பட்டம் வாங்கிய பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவன். டிசைன் என் துறை இல்லை. ஆனாலும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக விசாரித்தேன், படித்தேன், இந்தத் துறையில் இருக்கும் இரண்டு மூன்று சகோதரர்களிடம் கேட்டேன். அவரைப் போலக் கேட்கிற பெற்றோர் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். போட்டோஷாப், கோரல் ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவை கருவிகள். தச்சனுக்கு உளி மாதிரி. ஆறு மாத கோர்ஸில் கற்றுத்தருவது உளியைப் பிடிக்க. அது தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை இந்தப் பையன் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுவிட்டான். இன்க்ஸ்கேப், கிம்ப் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. யூடியூபில் தமிழிலேயே பாடம் இருக்கிறது. உளி பிடிக்க எண்பத்தைந்தாயிரம் கொடுக்க வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். பல்கலைக்கழகம் நான்கு வருடம் சொல்லித்தருவது வேறு. ஒரு செய்தி யாருக்குப் போகிறது, அவர் எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் அதைப் பார்ப்பார், அவர் முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று யோசித்து முடிவெடுக்கிற பயிற்சி அது. மஞ்சளில் வெள்ளை வேண்டாம் என்று அவன் சொன்னது சாஃப்ட்வேர் அறிவு கிடையாது.

எங்கள் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கான மக்கள் இரவில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தமிழ் தெரியாதவர்கள் ஏராளம். இப்போது ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்கள் அதிகம். அடி அண்ணாமலை பக்கம் வரும்போது மலையின் பின்புறத்தில் இருப்பார்கள். வயதானவர் ஒருவருக்குக் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, இன்னும் எவ்வளவு தூரம், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அந்த போர்டை எந்த உயரத்தில் வைப்பது? மூன்று மொழி போட்டால் எழுத்து சிறியதாகிவிடுமே, அப்போது படம் போடலாமா, எந்தப் படம் எல்லோருக்கும் புரியும்? நூறு அன்னதான பேனர்களுக்கு நடுவில் அது எப்படிக் கண்ணில் படும்? இதை ‘தகவல் வடிவமைப்பு’ என்று ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அழகுபடுத்துவது இதில் கடைசி வேலை.

இந்தியாவில் இந்தப் படிப்பு பல்கலைக்கழக அளவுக்கு வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரையும் இந்திய அரசு அழைத்தது. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1958-இல் அவர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். தாங்கள் பார்த்த பொருட்களிலேயே மிகச் சிறந்த வடிவமைப்பாக அவர்கள் அதில் வியந்து எழுதியது லோட்டாவைப் பற்றி. நாம் சொம்பு என்போமே, அதேதான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் கையில் எப்படி உட்கார வேண்டும், எப்படி ஊற்ற வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும், என்ன விலை என்று எத்தனையோ தலைமுறைகள் யோசித்து வந்த உருவம் அது என்பது அவர்களின் பார்வை. ஒளு செய்ய லோட்டாவைக் கையில் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., தொடங்கப்பட்டது. 1969-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புத் துறை வந்தது.

தமிழ்நாட்டின் கதை அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தன் சொந்த முயற்சியில் தொடங்கினார். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டது. எழும்பூர் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் சிவப்புக் கட்டடங்களோடு நிற்கும் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் போன்ற பெரிய ஓவியர்கள் அங்கே முதல்வராக இருந்தார்கள். ஓவியம், சிற்பம் மட்டும்தான் அங்கே என்று பலர் நினைக்கிறார்கள். காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று ஒரு துறை அங்கே இருக்கிறது. நாம் கிராஃபிக் டிசைன் என்று சொல்வது அதுதான். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. இரண்டும் இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நான்கு வருடப் படிப்பு, பி.எஃப்.ஏ. பட்டம். அரசுக் கல்லூரிக் கட்டணம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே போன மாதம்தான் தெரியும்.

கண்ணுக்கு எதிரே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் பாக்கெட்டில் இருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள ரூபாய்க் குறியை வரைந்தவர் டி. உதயகுமார், நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். பிறகு மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி.யில் காட்சித் தகவல் வடிவமைப்பில் மேற்படிப்பு. அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு. மத்திய அரசு நடத்திய போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அவருடையதைத் தேர்ந்தெடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். தேவநாகரி ‘ர’வும் ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒரே உருவத்தில், மேலே இரண்டு கோடுகள். பார்த்தால் யாரும் வரைந்துவிடலாம் போல இருக்கும். தமிழ் எழுத்து எப்படி வளைகிறது, எங்கே தடிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர் போட்ட கோடு அது. 2025-இல் தமிழக பட்ஜெட் சின்னத்தில் அந்தக் குறிக்குப் பதிலாக ‘ரூ’ வந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியதே, ஒரு எழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

எழுத்து என்று வந்த பிறகு நம் வீட்டுக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அப்பாஸியர் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா (மரணம் கி.பி. 940) மூன்று கலீஃபாக்களிடம் வஸீராக இருந்தவர். அரசியலில் அவர் கதை சோகமானது. சிறையில் அவரது வலது கையை வெட்டினார்கள். ஆனால் எழுத்துக்கு அவர் கொடுத்த இலக்கணம் ஆயிரம் வருடமாக நிற்கிறது. கலத்தின் முனையால் ஒரு புள்ளி வைத்தால் அதுதான் அளவு. அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்று முடிவு செய்துகொண்டு, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளை அமைக்க வேண்டும். இன்று டிசைன் கல்லூரியில் முதல் வருடம் ‘கிரிட்’, ‘ப்ரொபோர்ஷன்’ என்று சொல்லித்தருவது இதே விஷயம்தான். கடையில் பென்சிலால் சீனின் பற்களைச் சமமாக்கிக்கொண்டிருந்த பையனுக்கு இப்னு முக்லாவின் பெயர் தெரியாது. மக்தபில் கற்ற கண் அவனிடம் இருந்தது.

பக்தாத் வரை போக வேண்டாம். சென்னை திருவல்லிக்கேணியில் சையத் அஸ்மத்துல்லாஹ் 1927-இல் தொடங்கிய ‘தி முசல்மான்’ உர்து நாளிதழை, கம்ப்யூட்டர் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் காத்திபுகள் கையாலேயே எழுதினார்கள். தினமும் நான்கு பக்கம். வாலாஜா பள்ளிவாசல் அருகே ஒரு சிறிய அறை. கையால் எழுதிய தாளைப் படம் எடுத்து, பிளேட் போட்டு அச்சடிப்பார்கள். கடைசி நேரத்தில் முக்கியச் செய்தி வந்தால் என்ன செய்வது? முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாகவே விட்டு வைத்திருப்பார்கள். எழுதும்போது பெரிய பிழை வந்தால் பக்கத்தையே திரும்ப எழுத வேண்டும். இடத்தைக் கணக்கிட்டு, செய்தியை எடைபோட்டு, எழுத்தை அதற்குள் உட்கார வைத்த அந்தக் காத்திபுகளை நாம் டிசைனர் என்று அழைத்ததில்லை.

அந்தப் பரம்பரை ஏன் தொடரவில்லை என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. உர்து நஸ்தலீக் எழுத்து கம்ப்யூட்டருக்குப் போனது 1981 வாக்கில். பாகிஸ்தானின் மிர்ஸா அஹ்மத் ஜமீல் ஆயிரக்கணக்கான இணைப்பெழுத்துகளைக் கையால் வரைந்து, மோனோடைப் கம்பெனியோடு சேர்ந்து நூரி நஸ்தலீக்கை உருவாக்கினார். அதாவது, இயந்திரம் வந்தபோது எழுத்து தெரிந்த ஒருவர் இயந்திரத்தோடு உட்கார்ந்தார். நம்மிடம் அரபுத் தமிழ் இருக்கிறது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர்கள் கூடுதல் புள்ளிகள் இட்டு எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் எழுதப்பட்ட நூல்கள் இருக்கின்றன. இதற்கு ஒரு நல்ல எழுத்துரு செய்வதை நான்காம் ஆண்டு புராஜெக்டாக ஒரு மாணவன் எடுத்துக்கொண்டால் அதை மறுக்கிற டிசைன் ஆசிரியர் இருக்க மாட்டார். தமிழில் இது நடந்திருக்கிறது: பிரியா ரவிச்சந்திரன் என்ற தமிழ்ப் பெண் வடிவமைத்த ஒரு தமிழ் எழுத்துரு, ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லின் ஆங்கில வடிவத்தையே பெயராகக் கொண்டு, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது அந்தத் தந்தை தயங்கித் தயங்கிக் கேட்ட இன்னொரு கேள்வி. “உருவம் வரையச் சொல்லுவாங்களே, அது கூடுமா ஹஜ்ரத்?”

மறைக்காமல் சொல்ல வேண்டும்: வரையச் சொல்வார்கள். முதல் வருடத்தில் மனித உருவம் வரைவது பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் அமைப்பதை எச்சரிக்கும் நபிமொழிகள் ஸஹீஹான நூல்களில் இருப்பது நமக்குத் தெரியும். உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டியதும் புகாரியில் இருக்கிறது. சிலை, கையால் வரையும் படம், கேமரா படம் மூன்றுக்கும் ஒரே சட்டமா என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ நூறு வருடத்துக்கு முன்பே கேமரா படம் அந்தத் தடையில் வராது என்று தனி நூல் எழுதினார். நம் துணைக்கண்டத்து உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஒரு கட்டுரையில் இதற்கு ஃபத்வா கொடுக்க நான் விரும்பவில்லை. நீங்கள் நம்பிக் கேட்கும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்கப் போகும்போது சரியான தகவலோடு போங்கள். எழுத்துரு, புத்தக வடிவமைப்பு, வரைபடம், வழிகாட்டிப் பலகை, பேக்கேஜிங், செல்போன் ஆப்பின் திரை அமைப்பு என்று இந்தத் துறையில் உயிருள்ள உருவமே தேவைப்படாத வேலை ஏராளம். ‘டிசைன் என்றால் படம் வரைவது, ஆகவே கூடாது’ என்று விஷயம் தெரியாமல் கேட்டால், விஷயம் தெரியாத பதில்தான் கிடைக்கும். என் சொந்தக் கவலை உருவத்தைவிட வேறொன்றில் இருக்கிறது. சாராய விளம்பரமும் வட்டிக் கம்பெனி விளம்பரமும் கேட்டு வாடிக்கையாளர் வருவார். மாதச் சம்பளக்காரனாக இருக்கும்போது முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அது டிசைனுக்கு மட்டும் உரிய சோதனை இல்லை என்பதும் உண்மைதான்.

சேர்க்கை விஷயத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காலம். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் ‘என்ன படிக்கலாம்’ என்று பள்ளிவாசலில் பேச்சு ஆரம்பிக்கிறது. அதற்குள் பெரிய கதவுகள் மூடியிருக்கும். ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வை மும்பை ஐ.ஐ.டி. ஜனவரியில் நடத்துகிறது, விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபரில் தொடங்கிவிடும். என்.ஐ.டி.யின் தேர்வுக்கும் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். அது முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம். இரண்டிலும் அறிவியல் குரூப்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்களும் எழுதலாம். இது பலருக்குச் செய்தி. பார்த்துப் புரிந்துகொள்ளும் திறன், உருவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பது, தர்க்கம், வரைதல் என்று கேள்விகள் போகும். வினாத்தாள் தமிழில் கிடையாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது நிஜமான தடை, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வயது வரம்பும் உண்டு, விவரத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். மாநில அரசின் கவின் கலைக் கல்லூரிகளுக்கு வழக்கமாக பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பம் கொடுப்பார்கள், வரைதல் தேர்வு வைப்பார்கள். ஆக ஜூன் மாதம் என்னிடம் வந்த தந்தைக்குத் திறந்திருந்த கதவு அந்த ஒன்றுதான். கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள மூன்று வருட விஸ்காம் படிப்பையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதில் டிசைன் ஒரு பகுதி மட்டும். கேமரா, சினிமா, விளம்பரம், பத்திரிகை எல்லாம் கலந்தது. மோசமில்லை, ஆனால் எழுத்தையும் அச்சையும் ஆழமாகப் படிக்க விரும்புகிறவனுக்கு அது போதுமா என்று சிலபஸை வாங்கிப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? முதல் வருடம் கம்ப்யூட்டரைத் தொடக்கூட விடாமல் கையால் கோடு, நிறம், உருவம் என்று செய்ய வைப்பார்கள். பிறகு எழுத்துரு, அச்சு, போட்டோகிராபி, புத்தகம், திரை. திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை காகிதத்தில் ஏன் மங்கிப் போகிறது என்பது மாதிரியான விஷயங்கள். (திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது; அச்சு நான்கு மைகளால். ஒளியில் உள்ள சில நிறங்கள் மையில் கிடையாது.) ஒவ்வொரு வேலையையும் சுவரில் மாட்டி எல்லோர் முன்னாலும் ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கு ‘ஜூரி’ என்று பெயர். ‘அழகாக இருக்கிறது சார்’ என்ற பதில் அங்கே செல்லாது. ஏன் இந்த இடம், ஏன் இந்த அளவு என்று சொல்ல வேண்டும். மதரஸாவில் ‘தலீல் என்ன?’ என்று உஸ்தாது கேட்பாரே, அதுபோல என்று அந்தப் பையனிடம் சொன்னேன், சிரித்தான்.

பணத்துக்கு வருவோம். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. என்றால் நான்கு வருடத்துக்கு விடுதியோடு சேர்த்துப் பல லட்சம் ஆகும். வங்கிக் கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் வட்டி என்பதால் நம் குடும்பங்கள் பலவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மாநில அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓபிசி பட்டியல் தனி, சான்றிதழும் தனி; தங்கள் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. சொல்ல வேண்டிய இன்னொன்று: நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலிலிருந்தும் ஜகாத் நிதியிலிருந்தும் கல்வி உதவி கொடுக்கும்போது டாக்டர், இன்ஜினியர், அதற்கு மேல் ஐ.ஏ.எஸ். கோச்சிங் என்றுதான் பெயர் வாசிக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பையன் டிசைன் படிக்கப் போனால் ‘படம் போடுற படிப்புக்கா?’ என்று கேட்கிறோம். நானும் ஒரு கூட்டத்தில் அப்படிக் கேட்டவன்தான். சில வருடங்களுக்கு முன்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி டிசைனருக்கு வேலை இருக்குமா என்று அந்தப் பையனே கேட்டான். நியாயமான பயம். வாழ்த்து பேனர், பிறந்தநாள் போஸ்டர் மாதிரி வேலைகள் போய்க்கொண்டிருக்கின்றன, அவன் வேலை செய்யும் கடையிலேயே கஸ்டமர்கள் செல்போனில் படம் செய்து கொண்டுவந்து ‘இதை அடிச்சுக் குடு’ என்கிறார்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்த படத்தில் மக்காவின் பெயரை அரபியில் எழுதியிருந்தது. பார்க்க அழகாக இருந்தது, படித்தால் அது எந்தச் சொல்லுமே இல்லை. எழுத்து மாதிரி தோன்றும் கோடுகள். நாளை இயந்திரம் இதையும் சரியாகச் செய்யக்கூடும். செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். உளி பிடிக்க மட்டும் கற்றவருக்கு முதலில் ஆபத்து, எதைச் செதுக்குவது என்று முடிவெடுப்பவருக்குக் கொஞ்சம் தாமதமாக. நான்கு வருடப் படிப்புக்கு ஆதரவாக என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

எல்லோரும் போக வேண்டிய படிப்பு என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாத பிள்ளை கடையில் இருந்துகொண்டே தபாலில் ஒரு டிகிரி முடிப்பது கௌரவமான வழி. வரையப் பிடிக்காமல், கம்ப்யூட்டர் மட்டும் பிடித்த பிள்ளைக்கு பி.சி.ஏ.வே சரி. நம் பையனுக்கு அந்த இரண்டு நிலையும் இல்லை.

தந்தையிடம் நான் சொன்ன யோசனை: ஆறு மாத கோர்ஸ் வேண்டாம். பி.சி.ஏ. அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். கவின் கலைக் கல்லூரிக்கு உடனே விண்ணப்பம் போடுங்கள். சீட் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் கடையில் வேலை பார்க்கட்டும். யூசீட்டை முந்தைய ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களும் எழுதலாம், அக்டோபரில் விண்ணப்பித்து ஜனவரியில் எழுதட்டும். “ஒரு வருஷம் வீணாப் போகுமே” என்றார். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. பிடிக்காத படிப்பில் மூன்று வருடம் போவதை அவர் வீண் கணக்கில் சேர்க்கவில்லை, நம்மில் யாரும் சேர்ப்பதில்லை.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு பெரிய நோட்டு வாங்கி, தினமும் பாதையில் கண்ணில் படும் ஒரு போர்டை வரைந்து, அதில் என்ன தப்பு, எப்படி மாற்றலாம் என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். நேர்முகத்தில் வேலைத் தொகுப்பைக் காட்டச் சொன்னால் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா. போன ஜும்ஆவுக்கு வந்தபோது பதினெட்டுப் பக்கம் நிரப்பியிருந்தான். ஆறாவது பக்கத்தில் எங்கள் பள்ளிவாசலின் தொழுகை நேரப் பலகை இருந்தது. இகாமத் நேரம் பாங்கு நேரத்தைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது, ஓடி வருகிறவருக்கு முதலில் தேவை இகாமத் நேரம்தான் என்று எழுதி, மாற்றி வரைந்திருந்தான். பலகையை எழுதியவன் நான். இந்த வாரம் மாற்றிவிட்டோம். விண்ணப்பமும் போட்டாகிவிட்டது, வரைதல் தேர்வுக்கு அழைப்பு வர வேண்டும்.